உலைக்களத்தில் ஒளிவுமறைவு இல்லை

பழுக்கக் காய்ந்த இரும்பைக் கொல்லர் தண்ணீரில் தோய்க்கும்போது ‘சுர்ர்’ என்று ஓர் ஓசை எழும். அதை உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? என் வகுப்பில் இதைக் கேட்டால் அறுபது பேரில் நான்கைந்து கைகள்தாம் உயர்கின்றன. அந்த நான்கைந்து பேரும் உலையின் வாடை வரை சொல்லிவிடுவார்கள். மற்றவர்களுக்கு இரும்பு என்பது கடையில் வாங்கும் பொருள்.

நம் நாட்டில் இன்று மெல்ல மெல்ல நடந்துவரும் இந்த மாறுதல், அமெரிக்காவில் முன்னதாகவே நடந்து முடிந்துவிட்டது. குதிரை போய் மோட்டார் வண்டி வந்தது. லாடம் கட்ட ஆள் வேண்டியதில்லை. கலப்பைக் கொழு முதல் கதவுக் கீல் வரை எல்லாம் ஆலையிலிருந்து வந்து இறங்கின. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே கொல்லர் வேலை ஏறக்குறைய முடிந்துபோன கதை. இருந்த சில முதியவர்களுக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள வாரிசுகள் இல்லை.

ஆனால் அந்தக் கதை முடியவில்லை. பிழைப்புக்காக அன்றி, ஆசைக்காக இரும்படிக்க வந்தவர்கள் அதைத் திரும்ப எழுப்பினார்கள். எப்படி எழுப்பினார்கள் என்பதையும், அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பேச்சுக்குள் நம் இயற்பியல் பாடம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் இங்கே பார்ப்போம்.

இருபத்தேழு பேர்

1969-ல் அலெக்ஸ் பீலர் என்பவர் கொல்லர் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் ஜார்ஜியா மாநிலத்தவர். பட்டறையில் பிறந்து வளர்ந்தவர் அல்லர். விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். பழைய கொல்லர்களிடம் கேட்டும் பார்த்தும் செய்தும் தெரிந்துகொண்டதை எழுதினார். அடுத்த ஆண்டு, 1970-ல், தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உலோகக்கலை ஆசிரியராக இருந்த பிரென்ட் கிங்டன், மாணவர்களுக்காகவும் கலைஞர்களுக்காகவும் இரும்படிக்கும் பயிற்சி முகாம் ஒன்றை நடத்தினார். வெள்ளியில் சிறு சிறு வேலை செய்து பழகியிருந்த அவர் இரும்பின் பக்கம் திரும்பியவர்.

1973-ல் ஜார்ஜியாவிலுள்ள லம்கின் என்ற சிற்றூரில் 27 பேர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். வட அமெரிக்கக் கலைக் கொல்லர் சங்கம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பிரிட்டனிலும் 1978-ல் இத்தகைய சங்கம் ஒன்று எழுந்தது. அமெரிக்கச் சங்கத்துக்கு இன்று நாடு முழுவதும் கிளைகள் உண்டு. உறுப்பினரில் பெரும்பாலோர்க்கு வேறு தொழில். ஆசிரியர், பொறியாளர், உழவர், ஓய்வு பெற்றவர் என்று பலவகையினர். சனி, ஞாயிறுகளில் யாராவது ஒருவர் கொட்டகையில் கூடுவார்கள். கைதேர்ந்தவர் ஒருவர் நடுவில் நின்று அடிப்பார். மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள், கேட்பார்கள், பிறகு தாங்களும் அடித்துப் பார்ப்பார்கள்.

இந்தக் கூட்டங்களின் தனித்தன்மை ஒன்று உண்டு. பழைய நாள்களில் ஐரோப்பாவிலும் சரி, மற்ற இடங்களிலும் சரி, தொழில் நுணுக்கம் என்பது தந்தை மகனுக்கும் குரு சீடனுக்கும் மட்டுமே சொல்லும் மறைபொருள். இங்கேயோ கேட்டவருக்கெல்லாம் சொல்கிறார்கள். இவ்வழக்கத்தை ஊன்றியவர்களில் ஒருவர் ஃபிரான்சிஸ் விட்டேக்கர் (1906–1999). ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற இரும்புக் கலைஞர் சாமுவேல் யெல்லினிடம் இளமையில் பயின்றவர். எண்பது வயதுக்குப் பின்னும் ஊர் ஊராகச் சென்று செய்து காட்டினார். கொலராடோவில் ஒரு பள்ளியில் உலைக்களம் அமைத்து உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். யெல்லினிடம் தாம் பெற்றது தம்மோடு போய்விடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது. அக்கலை அறிந்த கைகள் அன்று விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன என்பதை நினைத்தால் அந்தக் கவலை புரியும்.

“அடிக்கும்போது என்ன நிறம்?”

புதிதாக வருபவர் செய்யும் முதல் பொருள் பெரும்பாலும் ஒரு கொக்கி. அதுவே முதலில் ஒழுங்காக வராது. நுனி பிளந்துவிடும், அல்லது உலையில் வைத்துவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோக, இரும்பு மத்தாப்புப் போலப் பொறி பறக்க எரிந்துவிடும். ஆம், இரும்பே எரிகிறது. அளவு மீறிக் காய்ந்த எஃகு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவதுதான் அந்தப் பொறி. இதைக் கண்டு யாரும் சிரிப்பதில்லை. ஏனெனில் அங்கே நிற்கும் ஒவ்வொருவரும் அப்படி எரித்தவர்தாம். “உனக்கு இது வராது” என்று சொல்வதற்குப் பதிலாக அவர்கள் கேட்கும் கேள்வி, “நீங்கள் அடிக்கும்போது என்ன நிறத்தில் இருந்தது?” என்பதே.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. தவறை ஆளின் மேல் வைக்காமல் வெப்பநிலையின் மேல் வைத்துவிடுகிறது, பாருங்கள்! வெப்பநிலையை மாற்றலாம்.

சூடான எந்தப் பொருளும் கதிர்களை வீசுகிறது. ஏறக்குறைய 525° செ. வெப்பநிலையில் இருட்டறையில் மங்கலான சிவப்பு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். 750° அளவில் நல்ல சிவப்பு. 950° அளவில் ஆரஞ்சு. 1100° அளவில் மஞ்சள். 1300°-ஐ நெருங்கும்போது கண் கூசும் வெண்மை. வெப்பம் ஏற ஏற, வீசும் ஒளியின் அலைநீளம் குறைந்துகொண்டே போவதால் வரும் மாற்றம் இது. விண்மீனின் நிறத்தைக் கொண்டு அதன் வெப்பநிலையைச் சொல்லும் வானியலாரும் இதே விதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். கொல்லரின் கண் ஒரு வெப்பமானி. உலைக்களம் ஏன் எப்போதும் சற்று இருட்டாக இருக்கிறது என்பதும் இப்போது விளங்கும். வெயிலில் நின்று பார்த்தால் 800°-ல் காயும் இரும்பும் மங்கலாகத் தோன்றும்; “இன்னும் காயவில்லை” என்று நினைத்து எரித்துவிடுவோம். வெட்டவெளியில் உலை போட்ட புதியவருக்கு, “முதலில் ஒரு கூரை போடுங்கள்” என்று பழையவர்கள் சொல்வது மழைக்காக அன்று.

அடுத்து, “வேகமாக அடியுங்கள், நேரமில்லை” என்பார்கள். எவ்வளவு நேரம் இருக்கிறது? கணக்கிட்டுப் பார்ப்போம். ஸ்டீஃபான் விதிப்படி கதிர்வீச்சு, தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 1200° செ. என்பது 1473 கெல்வின். இந்த வெப்பநிலையில் கரும்பொருள் ஒன்று ஒரு சதுர செ.மீ. பரப்பிலிருந்து 26.7 வாட் ஆற்றலை வீசும். இரும்பு அதில் ஐந்தில் நான்கு பங்கு வீசுவதாகக் கொண்டால் சுமார் 21 வாட்.

இனி, 1 செ.மீ. அகலமும் 1 செ.மீ. கனமும் உள்ள சதுரக் கம்பியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு செ.மீ. நீளத்திற்கு நான்கு பக்கங்களின் பரப்பு 4 சதுர செ.மீ.; நிறை 7.8 கிராம். இந்த வெப்பநிலையில் இரும்பின் வெப்ப ஏற்புத்திறன் கிராமுக்கு 0.65 ஜூல் என்று வைத்துக்கொண்டால், கம்பி ஒரு டிகிரி குறைய 5 ஜூல் இழக்க வேண்டும். இழப்பதோ விநாடிக்கு 84 ஜூல்! அதாவது உலையை விட்டு வெளியே எடுத்தவுடன் விநாடிக்கு 16 அல்லது 17 டிகிரி வீதம் குளிர்கிறது. குளிரக் குளிர வேகம் குறையும். 1200°-லிருந்து 900°-க்கு வர ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். குளிர்ந்த அடைகல்லின் மேல் வைத்தால் அதற்கும் முன்பே ஆறிவிடும். அந்த அரை நிமிடத்துக்குள் எங்கே அடிப்பது, எத்தனை அடி என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். யோசிக்க வேண்டியதை இரும்பு உலையில் இருக்கும்போதே யோசித்துவிட வேண்டும்.

கம்பியின் கனத்தை இரட்டித்தால் என்ன ஆகும்? நிறை நான்கு மடங்கு. பரப்பு இரண்டு மடங்கு. ஆகவே நேரம் இரண்டு மடங்கு. புதியவர்கள் மெல்லிய கம்பிதானே எளிது என்று நினைத்து அதை எடுக்கிறார்கள். உண்மையில் அவர்களுக்குத் தடித்த கம்பிதான் நண்பன்.

தண்டவாளத்தை நிமிர்த்தி வையுங்கள்

அடைகல்லை நம் ஊரில் பட்டறைக்கல் என்றும் சொல்வார்கள். புதியது விலை அதிகம். எனவே தொடங்குபவர்கள் பழைய தண்டவாளத் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, படுக்க வைத்து அடிப்பார்கள். அடி விழும்போதெல்லாம் அது அதிரும், துள்ளும். அதைப் பார்க்கும் அனுபவசாலி, “படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி நட்டு, வெட்டு முனையின் மேல் அடியுங்கள்” என்பார். எடை மாறவில்லையே, என்ன வேறுபாடு? அடி விழும் இடத்துக்கு நேர் கீழே இப்போது தண்டவாளத்தின் முழு நீளமும் இருக்கிறது. படுத்த நிலையில் அங்கே இருந்தது ஒரு சிறு பகுதியும் அதன் மெல்லிய இடையும்தான்.

இதில் ஒரு கணக்கும் உண்டு. சுத்தியலும் கல்லும் மோதும்போது, சுத்தியலின் ஆற்றலில் எவ்வளவு பங்கு இடையிலுள்ள இரும்பை நசுக்கச் செலவாகும்? கல்லின் நிறையை, கல், சுத்தியல் ஆகிய இரண்டின் மொத்த நிறையால் வகுத்தால் கிடைக்கும் பின்னம் அது. (உந்தம் மாறா விதியிலிருந்து நீங்களே தருவித்துப் பாருங்கள், மோதிய பின் இரண்டும் சேர்ந்து நகர்வதாகக் கொள்ளுங்கள்.) 1 கி.கி. சுத்தியலுக்கு 1 கி.கி. கல் என்றால் பாதி ஆற்றல் வீண். 5 கி.கி. கல் என்றால் 83 விழுக்காடு பயன்படும். 50 கி.கி. என்றால் 98 விழுக்காடு. அதற்கு மேல் எடையைக் கூட்டிக்கொண்டே போவதால் பெரிய இலாபம் இல்லை. இதைத் தெரிந்துகொண்ட புதியவருக்கு, பெரிய அடைகல் இல்லையே என்ற ஏக்கம் பாதி குறையும்.

காந்தமும் தண்ணீரும்

அடித்து உருவாக்கிய உளியோ கத்தியோ கடினமாக வேண்டும் என்றால் அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்க்க வேண்டும். எவ்வளவு சிவக்க? “பழுத்த பழம் போல” என்றால் எந்தப் பழம் என்று கேட்கத் தோன்றும். இதற்கு ஓர் எளிய வழியை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். உலைக்குப் பக்கத்தில் கம்பியில் ஒரு காந்தத்தைத் தொங்கவிடுங்கள். காய்ந்த எஃகை அதனருகே கொண்டுபோங்கள். காந்தம் அதை இழுக்காவிட்டால் வேளை வந்துவிட்டது. அதிலிருந்து சற்றே கூடுதலாகக் காய்ச்சித் தோயுங்கள்.

இது ஏன் சரிப்படுகிறது? தூய இரும்பு 770° செ.-க்கு மேல் காந்தத்தால் ஈர்க்கப்படும் பண்பை இழக்கிறது. இதைக் க்யூரி வெப்பநிலை என்கிறோம். எஃகில் இதையொட்டியே இன்னொரு மாறுதலும் நிகழ்கிறது. சாதாரண வெப்பநிலையில் இரும்பணுக்கள், கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுமையத்திலும் அமர்ந்திருக்கின்றன. எஃகு 727°-ஐத் தாண்டும்போது அவை இடம் மாறி, மூலைகளிலும் ஆறு முகங்களின் மையங்களிலும் அமரத் தொடங்குகின்றன. இந்தப் புதிய அமைப்புக்கு ஆஸ்டினைட் என்று பெயர். இதைக் காந்தம் ஈர்ப்பதில்லை. பழைய அமைப்பில் கரிக்கு இடமே இல்லை என்று சொல்லலாம், நூற்றுக்கு 0.02 பங்கு கரைவதே அரிது. புதிய அமைப்பிலோ நூற்றுக்கு 2 பங்கு வரை கரையும். இந்த நிலையில் திடீரென்று குளிர்வித்தால் கரி அணுக்களுக்கு வெளியேற நேரமில்லை. பழைய அமைப்புக்குத் திரும்ப முயலும் இரும்புக்குள் அவை அகப்பட்டுக்கொண்டு அதை இழுத்துக் கோணலாக்கிவிடுகின்றன. மார்ட்டன்சைட் எனப்படும் இந்தக் கோணல் அமைப்புதான் கத்தியின் கூர்மைக்குக் காரணம். அது கண்ணாடி போல உடையவும் செய்யும். ஆகவே மறுபடி 200°-லிருந்து 300° வரை மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள்.

இந்தச் சூட்டில் இரும்பு ஒளிவிடாது. ஆனாலும் நிறம் காட்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். மேலே படரும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் இரு பரப்புகளிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வரும் நிறம் இது. சோப்புக் குமிழியிலும், மழைநாளில் தெருவில் சிந்திய எண்ணெயிலும் நீங்கள் பார்ப்பதே. உளிக்கு எந்த நிறம், சுருள்வில்லுக்கு எந்த நிறம் என்பது ஒரு காலத்தில் குடும்பச் சொத்தாகக் காக்கப்பட்ட செய்தி. இன்று அந்தச் சங்கங்களில் முதல் வாரமே சொல்லிவிடுகிறார்கள்.

இலவசமாகக் கொடுத்த சிறு நூல்

வில்லியம் மோரன் (1925–2006) மேரிலாந்து மாநிலத்தவர். பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, கத்தி செய்வதில் பெயர் பெற்றவர். இருவகை எஃகைத் தகடுகளாக அடுக்கி, வெண்மை நிறத்துக்குக் காய்ச்சி, அடித்தே ஒன்றாக ஒட்டி, மடித்து மீண்டும் ஒட்டும் பழைய முறையைத் தாமே பல ஆண்டுகள் முயன்று கைவரச் செய்துகொண்டார். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரட்டிக்கும். இரண்டு அடுக்கில் தொடங்கி ஏழு முறை மடித்தால் 256 அடுக்கு. அமிலத்தில் தோய்த்தால் ஓர் எஃகு அதிகம் அரிக்கப்பட்டுக் கறுக்கும்; மற்றது வெண்மையாக நிற்கும். ஆற்று நீரோட்டம் போன்ற கோலம் தோன்றும்.

1973-ல் கத்தி செய்வோர் சங்கத்தின் கண்காட்சியில் இத்தகைய கத்திகளை வைத்தார். எல்லோரும் வியந்தார்கள். அமெரிக்காவில் அன்று அதைச் செய்யத் தெரிந்தவர் மிகச் சிலரே. இரகசியமாக வைத்திருந்தால் ஆயுள் முழுவதும் விரும்பிய விலைக்கு விற்றிருக்கலாம். அவரோ, எப்படிச் செய்வது என்பதை விளக்கி ஒரு சிறு நூல் அச்சிட்டு, அதே கண்காட்சியில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்! 1976-ல் கத்திக் கொல்லருக்கென ஒரு சங்கத்தையும் தொடங்கினார். இன்று உலகெங்கும் ஆர்வலர்கள் அவரைவிட நுணுக்கமான கோலங்களைச் செய்கிறார்கள். அதனால் மோரனின் கத்திகளுக்கு மதிப்புக் குறைந்துவிட்டதா? இல்லை, முதல்வர் என்பதால் ஏறியே இருக்கிறது.

கொல்லர் மகன் ஃபாரடே

இந்த அடுக்கு எஃகை ‘டமாஸ்கஸ்’ என்று அழைக்கிறார்கள். ஆனால் சரித்திரப் புகழ் பெற்ற உண்மையான டமாஸ்கஸ் வாள் வேறு. அதில் மடிப்பும் இல்லை, ஒட்டும் இல்லை. மூசையில் உருக்கி வார்த்த ஒரே எஃகுக் கட்டியை அடித்து நீட்டியது அது. அந்தக் கட்டிகள் வந்த இடம் தென்னிந்தியாவும் இலங்கையும். ஐரோப்பியர் அதை ‘வூட்ஸ்’ என்று அழைத்தார்கள். நம் ‘உருக்கு’, கன்னடத்து ‘உக்கு’ ஆகிய சொற்களோடு தொடர்புடைய பெயர் அது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் பழங்கால இரும்பு, எஃகுத் தொழிலுக்கான சான்றுகளைத் தொல்லியலார் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடேயைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அவருடைய தந்தை ஒரு கொல்லர் என்பது பலருக்குத் தெரியாது. ஃபாரடே 1819 முதல் சில ஆண்டுகள், கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து, இந்த இந்திய எஃகின் இரகசியத்தைக் கண்டுபிடிக்க முயன்றார். பகுத்துப் பார்த்தார், வேறு உலோகங்களைக் கலந்தும் பார்த்தார். பிடிபடவில்லை. அதே நூற்றாண்டில் அந்த வாள்களைச் செய்தவர்களின் மரபும் அற்றுப்போனது. எழுதி வைத்த குறிப்பு இல்லை. சொல்லிவைக்க ஆளும் இல்லை. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். நூற்றாண்டுக் கணக்கில் நம் பக்கத்தார் உருக்கி அனுப்பிய பொருளின் செய்முறை உலகில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்றே!

விடை வந்தது, கூடிச் செய்த வேலையிலிருந்து. ஆல்ஃபிரட் பென்ட்ரே, ஃபுளோரிடாவில் குதிரைக்கு லாடம் கட்டிப் பிழைத்த கொல்லர். பட்டறையில் தாமே மூசை வைத்து எஃகு உருக்கிப் பார்த்துவந்தார். சில கட்டிகளில் அந்தப் பழைய கோலம் வந்தது, பலவற்றில் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. ஜான் வெர்கோவன், அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பேராசிரியர். அவரிடம் நுண்ணோக்கியும் கருவிகளும் இருந்தன. அடிக்கும் கை இல்லை. இருவரும் சேர்ந்தார்கள். பென்ட்ரே உருக்கி அடிப்பார். வெர்கோவன் வெட்டிப் பார்ப்பார். தவறிய கட்டிகளையும் தூக்கி எறியாமல் ஆராய்ந்தார்கள். பழைய வாள்களின் துண்டுகளையும் ஒப்பிட்டார்கள்.

1998-ல் வெளியிட்ட முடிவு இது: கோலத்துக்குக் காரணம் வனேடியம் போன்ற சில தனிமங்களின் கலப்பு. அதுவும் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே போதும்! உருகிய எஃகு உறையும்போது இந்தக் கலப்பு, படிகக் கிளைகளின் இடைவெளிகளில் ஒதுங்குகிறது. பிறகு அளவாகக் காய்ச்சி, அடித்து, ஆறவிட்டு, மீண்டும் காய்ச்சி என்று பலமுறை செய்யும்போது, இரும்பும் கரியும் சேர்ந்த கடினமான கார்பைடுத் துகள்கள் அந்த இடங்களில் வரிசை வரிசையாக வளர்கின்றன. ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய 20 வரிகள் இருக்கும். ஒருமுறை மட்டும் அளவு மீறிக் காய்ச்சினாலோ வரிகள் கரைந்து மறைந்துவிடும். ஃபாரடே காலத்துப் பகுப்பாய்வு முறைகளுக்கு இவ்வளவு சிறிய அளவு எட்டியிருக்க வழியில்லை. பழைய கொல்லர்களுக்கும் வனேடியம் என்ற பெயர் தெரிந்திருக்காது. குறிப்பிட்ட இடத்துத் தாது நல்லது என்பது மட்டும் தெரிந்திருக்கலாம். தாது வரும் இடம் மாறியபோது, அதே கை அதே போல அடித்தும் கோலம் வராமல் போயிருக்கலாம் என்பது இவ்விருவரின் கருத்து. அந்தக் கடைசித் தலைமுறைக் கொல்லர் தம்மையே நொந்துகொண்டிருப்பார், பாவம்.

பென்ட்ரே 2017-ல் காலமானார். இருவரும் செய்முறை முழுவதையும் அச்சில் வெளியிட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத் தங்கள் கொட்டகையில் வூட்ஸ் உருக்கும் ஆர்வலர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள்.

மூன்று ஊசிகள்

நீங்கள் உலை மூட்ட வேண்டாம். (மூட்ட நேர்ந்தாலும் துத்தநாகம் பூசிய கம்பியை, தகரத்தை ஒருபோதும் காய்ச்சாதீர்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். அங்கே புதியவருக்குச் சொல்லும் முதல் எச்சரிக்கைகளுள் இதுவும் ஒன்று.) பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் உடனிருக்க, மூன்று தையல் ஊசிகளைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்யலாம். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஊசி உடைந்து தெறிக்கக் கூடும்.

முதல் ஊசியைக் குறட்டால் பிடித்துப் புன்சன் சுடரில் நல்ல சிவப்பாகும் வரை காட்டி, சுடரை விட்டு மெல்ல மெல்ல விலக்கி ஆறவிடுங்கள். அதைக் கொக்கி போல வளைக்கலாம். இரண்டாவதையும் அவ்வாறே சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று தண்ணீரில் போடுங்கள். இப்போது இரு குறடுகளால் பிடித்து வளைத்தால் பட்டென்று ஒடியும். மூன்றாவதையும் தண்ணீரில் தோய்த்து எடுத்து, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, சுடருக்கு வெகு மேலே பிடித்து மெல்லச் சூடேற்றுங்கள். மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறங்கள் ஓடி வரும். நீலம் வந்ததும் எடுத்துவிடுங்கள். அது வளைந்து, விட்டதும் நிமிரும்.

இரண்டாவது ஊசி ஒடியாமல் வளைந்தால் சோர்ந்துவிடாதீர்கள். முதல் முயற்சியில் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். தண்ணீருக்குள் போகும்போது என்ன நிறத்தில் இருந்தது என்று பாருங்கள். 1 மி.மீ. கனமுள்ள ஊசி, நாம் கணக்கிட்ட கம்பியைவிடப் பத்து மடங்கு மெல்லியது. 850°-லிருந்து 750°-க்கு இறங்க அதற்கு இரண்டு விநாடி கூட ஆகாது. சுடரிலிருந்து ஓர் அடி தள்ளித் தண்ணீரை வைத்தாலே வழியில் ஆறிவிடும். கிண்ணத்தைச் சுடருக்கு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு, இன்னோர் ஊசியை எடுத்து மறுபடி செய்யுங்கள்.